நல்ல கையை எப்போது கவிழ்ப்பது?

ரம்மி ஆடுகிறவர்களுக்கு ஸ்கூட் விடுவதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 13 சீட்டில் ஒரு ஜோக்கர்கூட இல்லை, நாலு சீட்டு சேர்ந்தாற்போல் இல்லை என்றால், 101 ஆட்டத்தில் 20 பாயின்டோடு முதல் சுற்றிலேயே விலகிவிடுவார்கள். கொஞ்சம் இழுத்துப் பார்த்து நடுவில் விலகினால் 40. எதிராளி டிக்ளேர் செய்யும்போது நம் கையில் ஒன்றும் சேரவில்லையென்றால் 80. மோசமான கையை விட யாருக்கும் மனம் வலிப்பதில்லை. வேலையிலும் அப்படித்தான். மூன்று மாதமாகச் சம்பளம் போடாத கம்பெனியை விட்டு வர யாருக்கும் கட்டுரை தேவையில்லை.

சிக்கல் நல்ல கையில்தான். நல்ல சம்பளம், நல்ல பெயர், சொந்தக்காரர்கள் விசாரிக்கும் அளவுக்கு ஒரு ஆஃபர். ஆனாலும் எங்கேயோ இடிக்கிறது. இறங்குவதா, விடுவதா? இந்தக் கேள்வியைக் காசு வைத்து, நாளுக்கு நூறு தடவை எதிர்கொள்கிறவர்கள் போக்கர் ஆட்டக்காரர்கள். அவர்கள் கணக்குப் போடும் விதத்தில் நாம் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. சீட்டாடச் சொல்வதாக நினைக்க வேண்டாம். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் தடை செய்கிறது. நமக்கு வேண்டியது கணக்கு மட்டும்.

ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெக்சஸ் ஹோல்டெம் வகைப் போக்கரில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு மறைவாக வரும். பிறகு மேசை நடுவே முதலில் மூன்று, அடுத்து ஒன்று, கடைசியில் ஒன்று என ஐந்து பொதுச் சீட்டு திறக்கும். இந்த ஏழில் சிறந்த ஐந்தை வைத்திருப்பவருக்கு நடுவில் குவிந்த பணம். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் உண்டு. கட்ட மனமில்லையென்றால் சீட்டைக் கவிழ்த்துத் தள்ளிவிடலாம். இரண்டு சீட்டுக் கைகள் மொத்தம் 1,326 விதம். அவற்றில் எல்லாவற்றுக்கும் மேலானது இரண்டு ஏஸ். 221 தடவைக்கு ஒரு தடவைதான் அது வரும்.

புதிதாக ஆட வருகிறவர் கேட்பது, ‘என் கை நல்ல கையா?’ என்று. பழுத்த ஆட்டக்காரர் அப்படிக் கேட்பதேயில்லை. இந்த மேசையில், இத்தனை பேருக்கு நடுவில், இந்த விலைக்கு, இந்தப் பரிசுக்கு இந்தக் கை போதுமா என்று கேட்பார். கையின் மதிப்பு கைக்குள் இல்லை, மேசையில் இருக்கிறது. வேலை மாறும்போது நம்மில் பெரும்பாலோர் செய்யும் தவறு முதல் கேள்வியோடு நின்றுவிடுவதுதான்.

ஏஸ்-ராணியின் தொல்லை

டாய்ல் ப்ரன்சன் டெக்சஸ்காரர். 1976-லும் 1977-லும் வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர் பட்டத்தை அடுத்தடுத்து வென்றவர். இரண்டு தடவையும் கடைசிக் கையில் அவரிடம் இருந்தவை பத்தும் இரண்டும். சுத்தமாக உதவாத கை. அதை ஆடி ஜெயித்தவர், ஏஸும் ராணியும் சேர்ந்து வந்தால் ஆடவே மாட்டேன் என்று எழுதிவைத்தார். 169 ரகக் கைகளில் ஏஸ்-ராணி மேல்வரிசையில் இருக்கிற ஒன்று. புதியவர் கையில் வந்தால் கண் மின்னும். அதனால் ஆட்டக்காரர்கள் அந்தக் கைக்கே ‘டாய்ல் ப்ரன்சன்’ என்று கேலிப்பெயர் வைத்துவிட்டார்கள். பின்னாளில் மனிதர் கொஞ்சம் இறங்கிவந்து, ஆடாமலிருக்கப் பார்க்கிறேன் என்று மாற்றிக்கொண்டார்.

ஏன் இந்த வெறுப்பு? மேசையில் ஒரு ஏஸ் திறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஏஸ் ஜோடி. பெரிதாகப் பந்தயம் கட்டுகிறீர்கள். ஏஸ் இல்லாதவர்கள் உடனே கவிழ்த்துவிடுவார்கள், அவர்களிடமிருந்து கிடைப்பது சொற்பம். துணிந்து கூடவே கட்டிக்கொண்டு வருகிறவர் யார்? பெரும்பாலும் ஏஸ்-ராஜா வைத்திருப்பவர். அவரை எதிர்த்தால் ஏஸ்-ராணி பொதுச் சீட்டு திறக்கும் முன்பே நாலு தடவையில் ஒரு தடவைதான் ஜெயிக்கும், ஏஸ் திறந்தபிறகு அதைவிடக் குறைவு. ஜெயித்தால் சில்லறை, தோற்றால் மொத்தமும். கை நல்ல கைதான். ஆனால் அதே ரகத்தில் இன்னும் நல்ல கை இருக்கிற மேசையில் அது ஒரு பொறி.

ஆபீஸில் இதை அடிக்கடி பார்க்கலாம். ஒரு ஐ.டி. நிறுவனத்தில் டெலிவரி மேனேஜர் இடம் காலியாகிறது. உங்களுக்கு ஒன்பது வருட அனுபவம், அந்த க்ளையன்டின் சிஸ்டம் முழுக்க அத்துப்படி. போட்டிக்கு இன்னொருவர் இருக்கிறார். அவருக்கும் அதே அனுபவம், அதே சிஸ்டம் அறிவு, கூடவே இரண்டு வருடம் ஆன்சைட்டில் அந்த க்ளையன்டோடு உட்கார்ந்து வேலை பார்த்தவர். உங்கள் பலம் எதுவோ அதுவே அவர் பலம், ஒரு படி கூடுதலாக. நேர்காணலில் க்ளையன்ட் அறிவைப் பற்றி நீங்கள் எவ்வளவு நன்றாகப் பேசுகிறீர்களோ அவ்வளவுக்கு அவரைத்தான் உயர்த்துகிறீர்கள். ஜூனியர்களை நீங்கள் தோற்கடிப்பீர்கள், அதனால் பயன் இல்லை. அவரிடம் தோற்றால் அடுத்த இரண்டு வருடம் அவருக்குக் கீழே வேலை.

இந்தப் போட்டியிலிருந்து விலகினால் கோழைத்தனம் என்று நண்பர்கள் சொல்வார்கள். அதே க்ளையன்டுக்குப் புதிதாகத் தொடங்கும் டெஸ்டிங் பிரிவுக்கோ, க்ளையன்டைப் பற்றி ஒன்றும் தெரியாத ப்ரீசேல்ஸ் அணிக்கோ போய்ப் பாருங்கள். அங்கே உங்கள் ஒன்பது வருடம் தனித்து நிற்கும். ஆகவே ஒரு வாய்ப்பைப் பார்க்கும்போது எத்தனை பேர் போட்டிக்கு இருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். என்னுடைய இதே பலத்தை என்னைவிடக் கூடுதலாக வைத்திருப்பவர் ஒருவர் இருக்கிறாரா என்று பாருங்கள். ஒருவர் இருந்தால் போதும், கணக்கு மாறிவிடும்.

ப்ரன்சனைப் பற்றி இன்னொன்று. அவர் நிர்வாகக் கல்வியில் முதுகலைப் பட்டம் பெற்றவர். அலுவலக இயந்திரங்கள் விற்கும் வேலையில் சேர்ந்த முதல் நாளே ஒரு சீட்டாட்டத்தில் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் ஜெயித்து, சீக்கிரமே வேலையை விட்டார். இதைப் படித்துவிட்டு யாரும் ராஜினாமாக் கடிதம் எழுதக் கூடாது. அப்படி விட்டுவிட்டுப் போய்த் தோற்றவர்களின் வாழ்க்கை வரலாறு அச்சில் வருவதில்லை.

எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்?

போக்கரில் டீலர் இடம் சுற்றிச்சுற்றி வரும். பொதுச் சீட்டு திறந்தபிறகு டீலர் இடத்தில் இருப்பவர் கடைசியாக முடிவு சொல்வார். மற்றவர்கள் கட்டினார்களா, தயங்கினார்களா, விலகினார்களா எல்லாம் பார்த்துவிட்டுச் சொல்லலாம். முதலில் சொல்ல வேண்டிய இடத்தில் இருப்பவருக்கு இருட்டு. ஏஸ்-ஜாக்கி முதல் இடத்தில் வந்தால் கவிழ்ப்பார்கள், கடைசி இடத்தில் வந்தால் பந்தயத்தை ஏற்றுவார்கள். சீட்டு அதேதான்.

ஸ்டார்ட்அப் ஒன்று உங்களை அழைக்கிறது, முதலீடு இன்னும் கைக்கு வரவில்லை, டெக் ஹெட் யார் என்று முடிவாகவில்லை என்றால் நீங்கள் முதல் இடத்தில் இருக்கிறீர்கள். அதே ஆஃபர் முதலீடு வந்தபிறகு வந்தால் வேறு கை. சம்பளம் ஐந்து சதவீதம் குறைந்தாலும் பரவாயில்லை, இரண்டு மாதம் தள்ளிச் சேர முடியுமா என்று கேளுங்கள். அந்த ஐந்து சதவீதம் தகவலுக்குக் கொடுக்கும் விலை. வேண்டாம் என்று சொல்வதற்கும் இப்போது வேண்டாம் என்று சொல்வதற்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது. நம் ஆட்கள் அந்த இடத்தைப் பயன்படுத்துவதேயில்லை.

ஏஸ் இரண்டையும் கவிழ்க்கும் ஒரே இடம்

சாதாரண ஆட்டத்தில், பொதுச் சீட்டு திறக்கும் முன் இரண்டு ஏஸை யாரும் கவிழ்ப்பதில்லை, கவிழ்க்கவும் கூடாது. ஆனால் போட்டி ஆட்டத்தில் ஒரு விசித்திரமான கட்டம் வரும். அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

வேர்ல்ட் சீரிஸின் முக்கியப் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். அவ்வளவு கட்ட முடியாதவர்களுக்குச் சேட்டிலைட் என்று சிறிய போட்டிகள் உண்டு. 100 பேர் ஆளுக்கு 1,000 டாலர் கட்டுகிறார்கள் என்று வையுங்கள். முக்கியப் போட்டியில் பத்து இடங்கள் பரிசு. எல்லா இடமும் ஒரே மதிப்பு. மலைபோல் சிப்ஸ் (பந்தய வில்லைகள்) குவித்தவருக்கும் ஒரே இடம், ஒற்றைச் சிப்போடு தப்பித்தவருக்கும் ஒரே இடம்.

இப்போது 11 பேர் மிஞ்சியிருக்கிறார்கள். ஒருவர் வெளியேறினால் மற்ற பத்துப் பேரும் பரிசோடு வீட்டுக்குப் போகலாம். சிப்ஸ் கணக்கில் நீங்கள் இரண்டாவது. இரண்டு பேர் அடுத்த சுற்றின் கட்டாயப் பந்தயத்துக்கே தடுமாறும் நிலையில் இருக்கிறார்கள். முதலிடத்துக்காரர் தன் சிப்ஸ் மொத்தத்தையும் நடுவில் தள்ளி ஆல் இன் என்கிறார். உங்கள் சீட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்க்கிறீர்கள். இரண்டு ஏஸ்.

ஏதோ ஒரு கையை எதிர்த்து ஏஸ் ஜோடி ஜெயிக்கும் வாய்ப்பு 85 சதவீதம். இறங்கினால் 100-க்கு 15 தடவை நீங்கள் வெளியே, வெறுங்கையோடு. மற்ற 85 தடவை என்ன கிடைக்கும்? ஒரு இடம். கவிழ்த்தால் என்ன கிடைக்கும்? தடுமாறும் அந்த இருவரில் ஒருவர் விழுந்ததும் அதே ஒரு இடம், ஏறக்குறைய உறுதியாக. கூடுதலாக ஜெயிக்கும் சிப்ஸுக்கு ஒரு பைசா மதிப்பு கிடையாது. ஆகவே கவிழ்க்க வேண்டும். கை நடுங்கும், ஆனாலும் அதுதான் சரி.

வேலையில் இந்தக் கட்டம் எப்போது வரும்? ஒரு வாசலைத் தாண்ட இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கி, தாண்டிவிட்டால் பரிசு உறுதி, தாண்டாவிட்டால் ஒன்றுமே இல்லை என்கிறபோதெல்லாம் வரும். கிராஜுவிட்டி நல்ல உதாரணம். நிரந்தர ஊழியருக்கு ஐந்து வருடத் தொடர் சேவை முடிந்தால்தான் உரிமை. கணக்கு, கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்ததை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, வந்ததைச் சேவை வருடங்களால் பெருக்குவது. இரண்டும் சேர்ந்து 60,000 ரூபாய் என்றால் ஐந்து வருடத்துக்குச் சுமார் 1,73,000 ரூபாய்.

நாலு வருடம் நாலு மாதத்தில் ஒரு நல்ல ஆஃபர் வருகிறது, மாதம் 8,000 ரூபாய் கூடுதல், உடனே சேர வேண்டும் என்கிறார்கள். ஆஃபர் நல்ல கைதான். ஆனால் எட்டு மாதம் கழித்துச் சேர்ந்தால் நீங்கள் இழப்பது 64,000 ரூபாய். இப்போதே போனால் இழப்பது 1,73,000. எச்.ஆர். இதையெல்லாம் உங்களுக்குச் சொல்ல மாட்டார். பி.எஃப். பணத்தையும் ஐந்து வருடத் தொடர் சேவைக்கு முன் எடுத்தால் வரி உண்டு, புதுக் கம்பெனிக்கு மாற்றிக்கொண்டால் இல்லை. பங்கு கொடுக்கும் கம்பெனிகளில் முதல் வருடம் முடியும் முன் வெளியேறினால் பெரும்பாலும் ஒரு பங்குகூடக் கைக்கு வராது. பதினோராவது மாதத்தில் கோபித்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

புது ஆஃபரில் மாதம் 40,000 கூடுதல் என்றால் கணக்கு தலைகீழ். எட்டு மாதத்தில் 3,20,000 ரூபாய். அப்போது கிராஜுவிட்டியை விட்டுவிட்டுக் கிளம்புங்கள். வாசல் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக மட்டும் காத்திருப்பதும் முட்டாள்தனம்தான்.

பயந்து கவிழ்க்காதீர்கள்

இதுவரை சொன்னதைக் கேட்டு எல்லா நல்ல கையையும் விட்டுக்கொண்டே போகிற ஆபத்தும் உண்டு. ஒன்பது பேர் மேசையில் உங்களுக்கு இரண்டு ராஜா வருகிறது. அதை மிஞ்சும் ஜோடி ஒன்றே ஒன்று, இரண்டு ஏஸ். மற்ற எட்டுப் பேரில் ஒருவரிடம் அது இருக்க வாய்ப்பு நூற்றுக்கு நாலுதான். அந்த நாலை நினைத்து ராஜா ஜோடியைக் கவிழ்க்கிறவர் 96 தடவை பணத்தை இழக்கிறார். எட்டுப் பேரும் மல்லுக்கு நின்றால் இரண்டு ஏஸின் பலம் 85-லிருந்து 35 சதவீதத்துக்கு இறங்கிவிடும், உண்மைதான். ஆனால் ஒன்பது பேரில் ஒருவரின் சராசரிப் பங்கு 11. உங்களுக்கு அதைப்போல மூன்று மடங்கு. கூட்டம் அதிகம் என்பது மட்டுமே விலகுவதற்குக் காரணம் ஆகாது.

சும்மா கவிழ்த்துக்கொண்டே இருப்பவரும் கட்டாயப் பந்தயத்தில் கரைந்துபோவார். அது சுற்றுக்குச் சுற்று உங்கள் முன்னால் இருப்பதைக் கொறித்துக்கொண்டே இருக்கும். ஒரே சம்பளத்தில், ஒரே மென்பொருளைப் பழுது பார்த்துக்கொண்டு, வரும் வாய்ப்பிலெல்லாம் குறை கண்டுபிடிக்கிறவருக்கு விலைவாசி அந்த வேலையைச் செய்துவிடும்.

கிறிஸ் மணிமேக்கர் கதை இந்த இடத்தில் பொருந்தும். டென்னஸியில் கணக்காளர் வேலை. 2003-இல் 86 டாலர் கட்டி ஆன்லைன் சேட்டிலைட்டில் சேர்ந்து கடைசிக் கட்டம் வரை வந்துவிட்டார். அங்கே முதல் மூன்று பேருக்கு 10,000 டாலர் மதிப்புள்ள இடம், நாலாவதாக வருபவருக்கு 8,000 டாலர் ரொக்கம். அவருக்குக் கடன் இருந்தது. வேண்டுமென்றே தோற்று நாலாவதாக வந்து ரொக்கத்தை வாங்கிக்கொள்ளப் பார்த்தார். நண்பர் ஒருவர்தான் பேசிப்பேசி மனதை மாற்றினார். இதை அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். லாஸ் வேகஸ் போனார், 839 பேர் ஆடிய போட்டியில் ஜெயித்து 25 லட்சம் டாலரோடு திரும்பினார்.

25 லட்சத்தைக் காட்டி, பார்த்தீர்களா, விலகாமல் இருந்தது சரி என்று சொல்வது தப்பான கணக்கு. அவர் முதல் நாளே தோற்றிருந்தாலும் 8,000-க்கு ஆசைப்பட்டு 10,000-ஐ விடாதது விலைக் கணக்கில் சரியாகவே இருந்திருக்கும். அதேபோல் கடைசி இருவர் மிஞ்சியபோது எதிரே இருந்த சாம் ஃபர்ஹா ஒன்பது ஜோடி வைத்திருந்தும் கவிழ்த்தார். மணிமேக்கரிடம் ஒன்றுமே இல்லை, வெறும் மிரட்டல். அதற்காக ஃபர்ஹாவை முட்டாள் என்று சொல்ல முடியாது. மேசையில் மூன்று சீட்டு ஒரே பூவாக இருக்கும்போது, மொத்தச் சிப்ஸையும் கட்டுகிற ஒருவரை நம்புவதா வேண்டாமா என்று அந்த நேரத்துத் தகவலை வைத்துத்தான் முடிவெடுக்க முடியும். ஆறு மாதம் கழித்து நீங்கள் விட்ட கம்பெனியின் பங்கு ஏறினால், உங்கள் முடிவு தப்பு என்று மாமனார் சொல்வார். அன்றைக்குத் தெரிந்ததை வைத்து அது சரியா என்று மட்டும் பாருங்கள்.

தொடக்கம் நன்றாக இருந்தது, பிறகு?

ஏஸ்-ராஜா வந்தது. நடுவில் 7, 8, 9 திறந்தது, மூன்றும் உங்களிடம் இல்லாத பூ. இப்போது உங்களிடம் இருப்பது நல்ல தொடக்கத்தின் ஞாபகம் மட்டும். நடுவில் நீங்கள் போட்ட பணம் உங்களுடையதல்ல, அது எல்லோருக்கும் பொது. நடுவில் 3,000 இருக்கிறது, தொடர 1,000 கட்ட வேண்டும் என்றால், நாலில் ஒரு தடவைக்கு மேல் ஜெயிக்க முடியுமா என்பது ஒன்றே கேள்வி. ஏற்கெனவே எவ்வளவு போட்டேன் என்பது அந்தக் கணக்கில் எங்கும் வராது.

யுபிஎஸ்சி தேர்வர்களுக்கு இது நெருங்கிய விஷயம். முதல் முயற்சியிலேயே பிரிலிம்ஸ் தேறி, மெயின்ஸும் தேறி, நேர்காணலில் பத்து மதிப்பெண்ணில் போனவர் கையில் இருப்பது அருமையான தொடக்கம். ஆனால் அடுத்த வருடம் மறுபடி பிரிலிம்ஸிலிருந்து தொடங்க வேண்டும். போன வருடம் தேறியது கணக்கில் வராது. பொதுப் பிரிவுக்கு 32 வயது, 6 முயற்சி. ஓபிசி பிரிவுக்கு 35 வயது, 9 முயற்சி. எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 37 வயது வரை எத்தனை முயற்சியும். இது அரசு போட்ட எல்லை. உங்கள் எல்லை அதுவாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. அடுத்த ஒரு வருடத்துக்கு என்ன விலை? விட்டுப்போகும் சம்பளம், வீட்டில் யார் செலவைத் தாங்குகிறார்கள், 30-இல் முதல் வேலைக்குப் போனால் எங்கே எடுப்பார்கள்? மதிப்பெண் வருடாவருடம் ஏறுகிறதா, நின்றுவிட்டதா? ஏறினால் கட்டுங்கள். மூன்று வருடமாக அதே இடத்தில் நின்றால், முதல் முயற்சியின் நேர்காணல் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டிவைத்துவிட்டு வேறு தேர்வையோ வேலையையோ பாருங்கள்.

எல்லையை முன்கூட்டியே எழுதிவைப்பது நல்லது, அதுவும் இன்னொருவர் பார்க்கும்படி. தோற்ற இரவில் யாருக்கும் கணக்கு வராது. போக்கர்காரர்கள் அந்த மனநிலையை டில்ட் என்பார்கள், வந்துவிட்டால் மேசையை விட்டு எழுந்துவிடுவார்கள். அப்ரைசல் முடிந்த அன்று இரவு ராஜினாமா மெயில் தட்டுகிறவர்களுக்கும் அதே மருந்து. டிராஃப்டில் போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

கவிழ்க்கும் விதம்

கவிழ்ப்பது என்று முடிவானால் சத்தமில்லாமல் செய்ய வேண்டும். மேசையில் உங்கள் முறை வரும்வரை காத்திருந்து, சீட்டைக் காட்டாமல் தள்ளிவிடுவதுதான் மரியாதை. மற்றவர்கள் ஆடிக்கொண்டிருக்கும்போது நான் எதை விட்டேன் தெரியுமா என்று பேசுவது விதிமீறல்.

ஆஃபரை மறுக்கிறீர்கள் என்றால் இரண்டு வரி மெயில், நன்றியோடு, ஒரு நாளைக்குள். அதே இடத்துக்கு உங்கள் டீமில் இன்னொருவர் விண்ணப்பித்திருக்கலாம், நீங்கள் என்ன சம்பளத்தை மறுத்தீர்கள் என்பது அவருக்குத் தெரிய வேண்டாம். இருக்கும் வேலையை விடுகிறீர்கள் என்றால் காரணத்தைக் கடிதத்தில் விளக்காதீர்கள், கடைசி வேலைநாள் தேதி போதும். நோட்டீஸ் 90 நாள் என்றால், அதில் எத்தனை நாளைப் பணம் கட்டிக் குறைக்கலாம் என்பதைப் புது இடத்தில் சேரும் தேதி சொல்லும் முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். லேப்டாப்பை ஒப்படைத்த ரசீது, முந்தைய வருடங்களின் ஃபார்ம் 16, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் கம்பெனி மெயில் முடங்கும் முன் உங்கள் சொந்த முகவரிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ரிலீவிங் லெட்டர் கடைசி நாளே தருவார்கள் என்று நம்பிப் புதுக் கம்பெனியிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். பல இடங்களில் அது செட்டில்மென்ட்டோடுதான் வரும்.